ஐஸ்காரரின் இரண்டு கைகள்

போன மாதம் கொழும்பில், பாமன்கடைப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில் என்னுடைய வலது கை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை, நானாகத்தான் விட்டேன். மணிக்கட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை கை மிகவும் ஒத்துழைத்தது. திரும்பி வருவதற்குத்தான் சம்மதிக்கவில்லை. நாற்பதைக் கடந்த, மூக்குக்கண்ணாடி போட்ட, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிற ஒரு மனிதன், பல்ப் வாங்க வந்த இடத்தில் முழங்கைவரை குழாயோடு காசாளர் மேசைக்கு முன்னால் நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைப் பையன் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தை ஊற்றிக் கையைச் சுழற்றினான். மேசையில் இருந்த பெண்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது:

“அங்கிள், என்னத்துக்கு கையை உள்ள விட்டனீங்கள்?”

“அளவு பார்த்தனான்.”

“என்னத்துக்கு அளவு?”

அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. நீளமான பதில் ஒன்று இருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மூன்று கொத்தனார்களுக்கு அதைக் கேட்கும் பொறுமை இருந்திருக்காது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாண் வாங்கப் போனவர்கள். ஒருவர் ஒரு காரியத்தை ஏன் செய்தார் என்று அதிகம் குடையாத தலைமுறை.

யுத்த காலம், எனக்குப் பதினொரு வயது. அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்திருந்த நாட்களைவிடப் பூட்டியிருந்த நாட்கள்தான் நினைவில் நிற்கின்றன. எங்கேயாவது ஏதாவது வெடித்தால் எங்களுக்கு லீவு. பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். நாளைக்கும் லீவா என்று அந்த நேரத்தில் கேட்கக்கூடாது என்பதை ஒருமுறை கேட்டு, முதுகில் வாங்கித் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். கடல் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. ஆனால் போக்குவரத்து வைத்துக்கொள்ளாத வீடு. ரயில் பாதைக்கு அப்பால் அது பாட்டுக்குச் சத்தம் போடும். இப்பால் நாங்கள் பாட்டுக்குப் படிப்போம். அதன் உப்புக் காற்று எங்கள் கேற்றைத் துருப்பிடிக்க வைத்தது, அப்பா வருஷம் ஒருமுறை பெயின்ற் அடித்தார். கடலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

விதிவிலக்கு ஒருவர் இருந்தார். என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. துறைமுகத்தில் வேலை. கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் ஆட்களில் சீதனமாக வீடு வாங்கியவர்கள் உண்டு, காணி வாங்கியவர்கள் உண்டு. படகு வாங்கியவர் அவர் ஒருவர்தான். சித்தியின் தகப்பன் விட்டுப்போன சின்னஞ்சிறு பிளாஸ்டிக் படகு, பின்னால் இருமல் வியாதிக்காரன் போல ஓர் எஞ்ஜின். அதை முகத்துவாரத்தில், களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில் கட்டி வைத்திருந்தார். தம்பி மாதாகோயிலில் தாலி கட்டியதை அப்பா இரண்டு வருஷத்தில் மன்னித்துவிட்டார். படகை மன்னிக்கவில்லை. “படிச்சவன் செய்யிற வேலையே உது?” என்பார். அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படம் வரைபவர். பாலங்களின் படம். கண்டிக்கு பஸ்ஸில் போனால் கடுகண்ணாவை மலை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்.

சித்தப்பாவிடம் முகத்துவாரத்தில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு செல்வம் இருந்தது. வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரன் ஒருவன் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன இரண்டு தூண்டில் தடிகள். மற்ற எல்லாரும் நைலோன் கயிற்றைக் கட்டையில் சுற்றி விரலில் பிடித்து மீன் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், கரும்பச்சை நிறத்தில், தக்கைக் கைப்பிடி போட்ட, றீல் பூட்டிய இரண்டு தடிகள்! அந்த றீலைச் சுற்றினால் வரும் கிர்ர்ர் என்ற ஓசைக்காக நான் ஒரு தவணைப் பரீட்சையையே விட்டுக்கொடுத்திருப்பேன். தக்கையில் எண்ணெய், இரும்பு, பழைய மீன் எல்லாம் கலந்த ஒரு வாசம். மோந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நத்தார்ப் பண்டிகைக்குச் சித்தப்பா வீட்டில் கேக் சாப்பிடப் போன இடத்தில்தான் நான் கேட்டேன்: “சித்தப்பா, என்னையும் ஒருக்கா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ?”

“எங்கையடா இடம்? அந்தப் படகில ரெண்டு தலைக்கு மேல கண்டா ஆத்துவாயில நேவிக்காரன் திருப்பி அனுப்பிப் போடுவான். ஒரு தலை நான். மற்றது ஐஸ் அய்யா.”

ஐஸ் அய்யா என்பவர் மீன் படகுகளுக்கு ஐஸ் விற்கிற சிங்களவர். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். முகத்துவாரம் முழுவதற்கும் அவர் அண்ணன். பெரிய வயிறு, வாய் நிறைய வெற்றிலை, வெற்றிலைக்கு மேலே மிச்சமிருக்கிற இடமெல்லாம் பேச்சு. சித்தப்பா எஞ்ஜினைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பார். ஐஸ் அய்யா நடுப் பலகையில் இருந்து, வலது கையில் ஒரு தடி, இடது கையில் ஒரு தடி, இரண்டு பக்கமும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலில் காவல் நிற்கும் சிலைபோலக் கடலுக்குப் போய்க் கடலிலிருந்து வருவார். மீன் கடித்தால் சித்தப்பா பாய்ந்து வந்து தடியை வாங்கவேண்டும். அதுவரை பிடித்திருப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

“தடியைப் பிடிக்கிறதுக்கு மட்டும் ஒரு ஆளே?”

“பின்ன? தடி தானா நிக்குமே?”

“தடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஒரு சாமான் செய்தால்?”

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கேக் துண்டு தொண்டையில் போய் இருமினார். “செய்து கொண்டு வா பெறாமகன். ஐஸ் அய்யாவை இறக்கிப்போட்டு உன்னை ஏத்துறன்.” பெறாமகன் என்றால் பெறாத மகன், அண்ணனின் மகன்.

“புள்ளைக்கு ஆசை காட்டிட்டு ஏமாத்தாதீங்க,” என்றார் சித்தி.

“ஆர் ஏமாத்துறது? செய்தா இடம் இருக்கு.”

“நேவிக்காரர் விடுவினமோ?” என்று அம்மா கேட்டா.

“அண்ணி, பத்து வருஷமா அந்த வாயால போறன். என்னைக் கண்டாலே கை காட்டுவாங்கள். அவ்வளவு பழக்கம்.”

அம்மா சரி என்று சொல்லிவிட்டா. எப்படிச் சொன்னா என்று பிற்காலத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் உதவி இல்லாமல் நான் எதையும் செய்ய முடியாது, அப்பா தொடங்கிய எதுவும் இதுவரை முடிந்ததில்லை. ஆகவே பிள்ளை கடலுக்குப் போகப்போவதில்லை. பத்தினிப் பெண்கள் கணவனில் வைக்கும் நம்பிக்கை எத்தனையோ வகை. இது ஒரு வகை.

புறப்படும்முன் நான் ஒரு தடியின் அடிப்பக்கத்தை எடுத்து என் மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பருமன். அந்தக் கணத்திலிருந்து என் வலது கை ஓர் அளவுகோல் ஆயிற்று. அது இன்னும் பதவி விலகவில்லை என்பதைத்தான் பாமன்கடையில் கண்டீர்கள்.

காலி வீதி ஹாட்வெயார் கடையில் வாசலோரம் குழாய்த் துண்டுகளை ஒரு டிரம்மில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்பாவோடு போய் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்தேன். சில இறுக்கம், சிலவற்றில் முழங்கையே ஆடியது.

“மல்லி, மொகத கரன்னே?” என்றார் முதலாளி. தம்பி, என்ன செய்கிறாய் என்று கேட்கிறார்.

அப்பா தன்னுடைய கந்தோர்ச் சிங்களத்தில் விளக்கினார். பாலம் ஒன்றுக்கு டெண்டர் விடுவது போன்ற சிங்களம் அது. முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, “கொழும்பில மீன் விக்கிறாங்களே சேர்,” என்று தமிழில் சொன்னார்.

சாம்பல் நிறத்தில் இரண்டு துண்டுகள் கிடைத்தன. வீடு திரும்பும் வழியில் சென்ரி. ஒழுங்கை முனையில் நின்ற ஆமிக்காரன் குழாய்களை வாங்கினான். இந்த இடத்தில் எங்களைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள். அனுபவம் உங்களை அப்படி எதிர்பார்க்க வைத்திருக்கிறது. அவன் ஒரு குழாயைக் கண்ணில் வைத்து, தூரதரிசினி போலக் கடல் பக்கம் திருப்பி, ஒழுங்கையின் அந்தக் கோடிவரை பார்த்தான். பிறகு அப்பாவிடமும் ஒரு தடவை பார்க்கக் கொடுத்தான். அப்பா மரியாதைக்காகப் பார்த்தார். “ஹரி,” அதாவது சரி, என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று இப்போதுதான் தோன்றுகிறது. அன்றைக்கு அவன் எனக்கு ஒரு பெரிய மனுஷன்.

நானாக இருந்தால் குழாயைப் படகில் கட்டிவிட்டு மறுநாளே கடலுக்குப் போயிருப்பேன். அப்பா விடவில்லை. முதலில் படம் வேண்டும். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம். பெரிய தாள் தேடி அலுமாரியின் மேலிருந்து ஒரு சுருளை இறக்கினார். அதன் ஒரு பக்கத்தில் ஊரில் கட்டுவதற்கென்று அவர் வரைந்து வைத்திருந்த வீடு இருந்தது. யுத்தத்தில் ஊருக்குப் போகிற பாதை பூட்டியதால் கட்டாமல் போன வீடு. அதைக் குப்புறத் திருப்பிப் போட்டு, நான்கு மூலைக்கும் நான்கு கொப்பிகளைப் பாரம் வைத்து, பென்சிலைச் சீவினார். அவருடைய பென்சில் சீவலில் ஒரு தனி அழகு. சுருள் அறாமல் விழும். இடது கையால் தாளைத் தடவி விட்டுக்கொண்டு, “இதுக்கு என்ன பேர் வைப்பம்?” என்று கேட்டார்.

“ஸ்ராண்ட்.”

“சீ, அது சைக்கிளுக்கு. தடிதாங்கி.”

படத்தின் மூலையில் அழகான எழுத்தில் ‘தடிதாங்கி’ என்று எழுதி, அதன் கீழ் தன்னுடைய சின்னக் கையெழுத்தை வைத்தார். பாலங்களுக்கு அவர் பெயர் போடுவதில்லை. அங்கே பெரிய எஞ்சினியரின் பெயர்தான் வரும். அதுவரை அவர் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவுச் சாப்பாட்டில் அவர் கத்தரிக்காயை முன்தோற்றத்தில் வெட்டிக் காட்டியபோதுதான் முன்னர் கண்டதெல்லாம் வேறு ஏதோ என்று விளங்கியது.

பரீட்சார்த்தம் எங்கள் கேற்றில் நடந்தது. குழாயைக் கேற்றுக் கம்பியில் சாய்வாகக் கட்டினோம். தடிக்குப் பதில் வீடு கூட்டும் தும்புத்தடி, அதன் நுனியில் நைலோன் கயிறு. கயிற்றின் மறுநுனியைப் பிடிக்க ஒரு மீன் தேவைப்பட்டது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார்.

“நான் இப்ப அறக்குளா. நல்ல பெரிய அறக்குளா. பார், இழுக்கிறன்!”

சொல்லிவிட்டு ஒழுங்கையில் கடலை நோக்கி ஓடினார்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் ஒரு தமிழ் ஆம்பிளை ஓடினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா நான்காவது வீட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு பக்கத்துக் கேற்றுகளும் பட் பட் என்று பூட்டப்பட்டன. யன்னல்கள் மூடின. யாரோ ஒரு பிள்ளையைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எதிர்வீட்டு அன்ரி மட்டும் கேற்றின் மேலால் தலையை நீட்டி, “ஐயோ, எங்கையாம் வெடிச்சது? எந்தப் பக்கமாம்?” என்று கேட்டா.

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை! நான் மீன்!” என்றார் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு.

அன்ரிக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா வெளியே வந்தா. “இஞ்சருங்கோ, மீனெண்டால் நடக்கிற மீனா இருங்கோ. சனத்தைச் சாகடிக்காதேங்கோ.”

அதன்பின் அப்பா நடந்தார். கௌரவமாக, கோயிலுக்குப் போகிறவரைப் போல, நைலோன் கயிற்றைக் கையில் பற்றிக்கொண்டு. எங்கள் தடிதாங்கி நடக்கிற மீனுக்குக் கணக்குப் பார்த்து வடிவமைக்கப்பட்டது என்பதை எதிர்கால ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொள்ளவும்.

தும்புத்தடி தாங்கியது. உண்மையான தடி தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு தடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கேற்றில் செருகிப் பார்த்தபோது, றீல் குழாயின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பாதிக் கைப்பிடிகூட உள்ளே இறங்கவில்லை. நடக்கிற அறக்குளா மெதுவாக இழுத்ததும் றீலின் பாரத்தில் தடி அப்படியே தட்டாமாலை சுற்றி, வெளியே பாய்ந்து, கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையைப் பிடித்தது.

“அண்ணை, முதல் மீனே சரிகைக் கரையோட,” என்றார் சித்தப்பா.

எனக்கு அழுகை வந்தது. இடம் போகப்போகிறது. ஐஸ் அய்யா நடுப் பலகையில் நிரந்தரமாக உட்காரப்போகிறார். ஆனால் அழுவதற்கு முன்னால் ஒன்றைக் கண்டேன்: தடி சுற்றியது றீலின் தண்டு குழாய்க்கு வெளியே நின்றதால். அந்தத் தண்டு உள்ளே இறங்கக் குழாயின் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால்? தண்டு அந்த வெட்டுக்குள் உட்கார்ந்தால் தடி எப்படிச் சுற்றும்? அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு அழிறப்பரை எடுத்தார். அவர் வரைந்த ஒரு கோட்டை இன்னொருவர் சொல்லி அழித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

வாள் தகட்டால் வெட்டினோம். சாம்பல் தூள் மூக்கில் ஏறி நாள் முழுவதும் தும்மல். தண்ணீர் தேங்காமலும் தடி கீழே நழுவாமலும் இருக்க, அடியை மூடாமல் குறுக்கே ஒரு நட்டும் ஆணியும் போட்டோம். பழைய கட்டிலிலிருந்து கழற்றியவை. அதன்பின் அந்தக் கட்டில் திரும்பிப் படுத்தால் பேசியது. கடைசி வேலை வாயை அகட்டுவது. தடியைக் கண்ணை மூடிக்கொண்டு செருகினாலும் உள்ளே போக வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் குழாயின் வாயைச் சுற்றிச் சுற்றி வாட்டி, அது இளகும்போது ஒரு செம்பின் அடியில் வைத்து அழுத்த வேண்டும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. சுவாமியறையில் இருந்தது நல்ல வாட்டமான ஒரு செம்பு.

குழாயின் வாய் பூவரசம் பூப்போல விரிந்தது. எவ்வளவு அழகு! ஆனால் செம்பின் வயிற்றைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் ஒட்டிக்கொண்டது. புளி போட்டும் போகவில்லை, சாம்பல் போட்டும் போகவில்லை. வீடு முழுக்கக் கருகல் நெடி. அம்மா வந்து செம்பைப் பார்த்தா, எங்கள் இருவரையும் பார்த்தா, அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தா. ஏச்சு வரும் என்று காத்திருந்தோம். “மற்றக் குழாயையும் செய்து முடியுங்கோ. மணம் ஒரே நாளோட போகட்டும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனா. அப்பா இதை முடிக்கப்போகிறார் என்பது அம்மாவுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டுவதற்கு முகத்துவாரம் போனோம். அப்பா சப்பாத்துப் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கையில் ரசமட்டம் கொண்டுவந்திருந்தார். நடுவில் ஒரு குமிழி ஓடுமே, கட்டடம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற பலகை. அதைத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கிற படகின் விளிம்பில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை காத்திருந்தார். ஒரு வள்ளம் போனது, குமிழி ஓடியது. இன்னொன்று வந்தது, குமிழி மறுபக்கம் ஓடியது. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ஐஸ் அய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அப்பாவின் தோளுக்கு மேலால் குமிழியைப் பார்த்தார். “மஹத்தயா, முஹுத லெவல் நே,” என்றார், மிகவும் அனுதாபத்தோடு. ஐயா, கடல் மட்டமில்லை.

அப்பா ரசமட்டத்தைப் பைக்குள் வைத்தார். கண் மட்டத்திலேயே பூட்டினோம். எனக்கு ஐஸ் அய்யாவை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவருடைய வேலையைப் பறிக்கிற சாமானை அவரே பிடித்துக்கொண்டிருக்க, நான் திருகாணி முடுக்கினேன். அவர் தாங்கிக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

“எனக்குப் பதிலா பைப்பா மல்லி?”

“ஓம்.”

“பைப்பு கதை சொல்லாது.”

“அதுதான் வேணும்,” என்றார் சித்தப்பா. “உம்மட கதைக்கு மீன் எல்லாம் இந்தியாவுக்குப் போட்டுது.”

ஐஸ் அய்யா வயிறு குலுங்கச் சிரித்தார். கோபிக்கவில்லையே என்று எனக்கு நிம்மதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை! முதல்நாள் இரவு நான் நித்திரை கொண்டதாக நினைவில்லை. விடிந்தபின்தான் படகுகளை விடுவார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்து கரையில் நின்றார். அம்மா கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் என் மடியில். ஐஸ் அய்யா படகைத் தள்ளிவிட்டு, ஒரு துண்டு ஐஸையும் பெட்டியில் போட்டு, “ஹொந்தட்ட போ மல்லி,” நல்லபடி போய்வா தம்பி, என்று வழியனுப்பினார். நான் நடுப் பலகையில் இருந்தேன். எனக்கு வலப்பக்கம் ஒரு தாங்கி, இடப்பக்கம் ஒரு தாங்கி, இரண்டிலும் இரண்டு தடிகள், நான் தொடாமலே, வானத்தை நோக்கிச் சாய்ந்து! எஞ்ஜின் இருமியது, பற்றியது. ஆற்றின் சேற்று வாசம் குறைந்து உப்பு வாசம் ஏறியது. தடிகளின் நுனிகள் எஞ்ஜினின் அதிர்வில் நடுங்கின. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. “தடி நிக்குது சித்தப்பா!” என்று ஒவ்வொரு நிமிஷமும் சொன்னேன். “ஓமடா, நிக்குது, நிக்குது,” என்று அவரும் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆற்றுவாயில் நேவிக்காரரின் மண்மூட்டைக் காவல். சித்தப்பா வழக்கம்போலக் கையை உயர்த்திக் காட்டினார். மேலே நின்றவன் கை காட்டவில்லை. விசில் ஊதினான். நாங்கள் எஞ்ஜினைத் தணித்துக் கிட்டப் போனோம்.

“கோ ஐஸ் அய்யா?” ஐஸ் அய்யா எங்கே?

வரவில்லை என்று சித்தப்பா சிங்களத்தில் சொன்னார். நல்ல சிங்களம், கொட்டாஞ்சேனைச் சிங்களம், அப்பாவினுடையதைப் போலப் பாலம் கட்டாது. ஆனால் அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஓயா கவுத?” என்றான். நீ யார்?

பத்து வருஷம், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், இந்த மனுஷன் அந்த வாயால் போய் வந்திருக்கிறார். அவர்கள் ஒரு நாளும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தது நடுப் பலகையில் இரண்டு தடிகளோடு இருந்து, கரையைத் தாண்டும்போதெல்லாம் உரத்த குரலில் பகிடி விட்டு, கோடை நாட்களில் ஒரு கட்டி ஐஸைத் தூக்கி மண்மூட்டைக்கு மேலால் எறிந்துவிட்டுப் போன அந்தப் பெரிய வயிற்றை. கை காட்டியதும் அதற்குத்தான். சித்தப்பா தன்னுடைய பழக்கம் என்று நினைத்தார். நான் ஐஸ் அய்யாவின் வேலை தடி பிடிப்பது என்று நினைத்தேன். கெட்டிக்காரக் குடும்பம்.

அவன் கடுமையாக எதுவும் பேசவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பெயரை வாசித்தான். குழாய்களைக் காட்டி “மே மொனவத?” என்றான். இவை என்ன என்று கேட்டதற்கு சித்தப்பா செய்து காட்டினார். நல்லாயிருக்கிறது என்றுகூடச் சொன்னான். பிறகு ஆற்றுப் பக்கமாக விரலை நீட்டினான். ஐஸ் அய்யாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

திரும்பி வரும்போது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவின் காதுகள் சிவந்திருந்தன. வெய்யில் என்று நினைத்தேன்.

கரையில் ஐஸ் அய்யா கடையில் வாங்கிய பணிஸைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். நான் எழுந்தேன். ரெண்டு தலை; கணக்கு எல்லாருக்கும் தெரியும். “அடுத்த முறை பாப்பம் பெறாமகன்,” என்று சித்தப்பா என் தலையைப் பார்க்காமல் தடவினார். ஐஸ் அய்யா நடுப் பலகையில் இருந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டினார். பிடிக்க ஒன்றும் இல்லாததால் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டார்.

படகு போனது. மண்மூட்டைக்கு மேலிருந்து ஒரு கை உயர்ந்து ஆடியது இங்கிருந்தே தெரிந்தது. அதற்கப்பால் இரண்டு தடிகள், இரண்டு கோடுகள், அப்பா வரைந்த சாய்விலேயே.

அப்பா ஒரு கண்ணை மூடி, பெருவிரலை நீட்டிப் பிடித்து அளந்தார். “பக்கத்தோற்றம் சரி,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைலேஞ்சியை எடுத்துத் தந்தார். நான் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அழுதேன்தான். ஆனால் அது பாதிக்கணக்கு. என்னுடைய வெட்டு, என்னுடைய சாமான், நான் இல்லாமல் கடலுக்குப் போய்விட்டது. மீதிப் பாதிக்கு எழும்பிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருப்பது எப்படி என்று எனக்கு இன்றும் தெரியாது.

ரொட்டியை அப்பாவும் நானும் சாப்பிட்டோம். வெய்யில் ஏறியது. அப்பாவின் சப்பாத்துக்குள் மண் போனது. அவர் கழற்றி வைத்துவிட்டுக் காலை மண்ணில் புதைத்துக்கொண்டார். அதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மத்தியானத்துக்கு முன்னரே படகு திரும்பியது. தூரத்திலேயே சித்தப்பா எழுந்து நின்று கையை ஆட்டுவது தெரிந்தது. படகு மண்ணில் ஏறும்முன் குதித்து விட்டார். “அண்ணை! பாரை மீன்! அம்மாடி, இந்தா பாருங்கோ!” இரண்டு கையாலும் தூக்கினார். வெள்ளி வெளிச்சம். என் நெஞ்சளவு நீளம். “நான் எஞ்ஜினில நிக்கிறன், அடிச்சான் பாருங்கோ, றீல் கத்துது, தடி வில்லா வளையுது, தாங்கி அசையேல்லை! ஒரு துளி அசையேல்லை! நான் ஆறுதலாப் போய்த் தடியை எடுத்தனான்!” அப்பா மீனைப் பார்க்கவில்லை. நேராகப் படகுக்குப் போய், குனிந்து, தாங்கியின் ஆணியைத் தொட்டுப் பார்த்தார். நான் உள்ளே ஏறி வெட்டைத் தடவினேன். ஒரு கீறலும் இல்லை. வலை தைத்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். ஓடாத, நடக்காத, அசல் மீனையே பிடித்துவிட்டோம்!

கடைசியாக இறங்கியவர் ஐஸ் அய்யா. ஆறுதலாக இறங்கினார். சோம்பல் முறித்தார். கன்னத்தில் படகுப் பலகையின் கோடு பதிந்திருந்தது. என்னிடம் வந்து தோளில் கை வைத்தார்.

“ஷா! நல்ல சாமான் மல்லி. முன்ன ரெண்டு கையும் தடி, கண்ணு மூட ஏலா. இன்னைக்கித்தான் நல்லா தூங்கினது.”